இருமுறை எழுதிய பரீட்சை

சென்ற கோடை விடுமுறையில், எம் காஞ்சிபுரத்தில், பட்டுத்தறிகளின் ஓசை ஓயாத தெருவொன்றில், நண்பர் இருவர் நெடுநேரம் வாதிட்டுக் கொண்டிருந்தனர். ஒருவர் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் விரும்பிய இடத்திற்குச் சில மதிப்பெண்கள் குறையப் பெற்றவர். கிடைத்த இடத்திற் சேர்வதா, ஓராண்டு காத்து மீண்டும் எழுதுவதா என்பதே அவர்தம் வழக்கு. திண்ணையில் அமர்ந்து கேட்டிருந்த எமக்குக் காந்தியடிகள் இளமையில் எழுதித் தவறிய பரீட்சையொன்று நினைவில் எழுந்தது.

1869ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்த அவர், பவநகர்ச் சாமளதாஸ் கல்லூரியிற் பயின்றது ஒரு பருவமே. பாடங்கள் விளங்கவில்லை. குடும்ப நண்பராகிய மாவ்ஜி தவே என்பார், பட்டம் பெறவே நான்கைந்து ஆண்டுகள் கழியுமென்றும், சீமை சென்றால் மூன்றாண்டில் பாரிஸ்டராகித் திரும்பலாமென்றும் கணக்கிட்டுக் காட்டினார். 1888 செப்டம்பர் 4ஆம் நாள், 18 வயதினராய், அவர் பம்பாயிற் கப்பலேறினார்.

அந்நாளிற் பாரிஸ்டர் ஆவது நாம் எண்ணுமளவு அரிய செயலன்று. 12 பருவங்கள் நிறைவேற்ற வேண்டும். பருவந்தோறும் நடைபெறும் விருந்துகளிற் சிலவற்றில் அமர்ந்து வரவேண்டும். உரோமச் சட்டம், ஆங்கிலப் பொதுச்சட்டம் என்னும் இரு பரீட்சைகளிலே தேறவேண்டும். தேறாதார் மிகச் சிலரே. உண்டே வழக்கறிஞர் ஆகலாம் என்று நகைப்பதற்கும் இடமிருந்தது! இவ்வெளிமை அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆகவே, எவரும் கட்டாயப்படுத்தாத இலண்டன் மெட்ரிகுலேஷனையும் எழுதத் துணிந்தார். இலத்தீன் அதில் கட்டாய பாடம். அவரோ அதன் அகரமும் அறியாதவர். ஐந்து திங்களே இருந்தன. 1890 ஜனவரியில் எழுதினார், இலத்தீனிலே தவறினார்.

அத்துடன் விட்டிருந்தாலும் பாரிஸ்டராவதற்குத் தடை யாதுமில்லை. அவர் விடவில்லை. வெறுமனே மீண்டும் எழுதவுமில்லை என்பதே எம்மனத்தைக் கவர்ந்தது. இரு அறைகளை விட்டு ஓரறைக்குக் குடிபெயர்ந்தார். காலையுணவைத் தாமே சமைத்துச் செலவைச் சுருக்கினார். விஞ்ஞானப் பாடத்தில் இரசாயனத்தை நீக்கி, வெப்பமும் ஒளியும் என்னும் பகுதியைத் தேர்ந்துகொண்டார். அவ்வாண்டு ஜூனில் தேறினார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டருமானார்.

ஆயினும் வெற்றி உடனே கனியவில்லை. பம்பாயில் முதல் வழக்கிற்கு எழுந்து நின்றவர்க்கு நா எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்புவித்து வெளியேறினார். பின்னர், 75 ரூபாய் ஊதியத்தில் ஆங்கில ஆசிரியர் வேலையொன்றிற்கு விண்ணப்பித்தார். தாம் இலத்தீனுடன் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேறியதை எடுத்துரைத்தும் பயனில்லை. பட்டதாரியே வேண்டுமென்று பள்ளியார் மறுத்துவிட்டனர். இருமுறை எழுதிப் பெற்ற தேர்ச்சி அன்று அவருக்கு ஒரு வேளைச் சோற்றிற்கும் உதவவில்லை. திண்ணையிலிருந்த நண்பரிடம் இதனையும் மறையாது சொன்னோம்.

1893இல், ஆண்டுக்கு 105 பவுன் ஊதியத்திற்குத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டின் பொதுச்சட்டம் உரோம-டச்சுச் சட்டம். அதன் வேர் உரோமச் சட்டமே. இலண்டனில் ஜஸ்டினியனின் சட்டநூலை அவர் மொழிபெயர்ப்பிலன்றி இலத்தீனிலேயே கற்றிருந்தார். தவறி, மீண்டும் பயின்ற அம்மொழி, எவரும் எதிர்பாராத கண்டத்தில் அவருக்குத் துணை நின்றது.

நண்பர் யாதும் கூறாமல் எழுந்து சென்றார். விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.