ஸ்ரீ குமாரப்பா கற்ற பொருளாதாரம்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் கூனிமேடு என்றொரு சிற்றூர் உளது. 1690இல் ஆங்கிலக் கும்பினியார் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்குமுன்னரே, இவ்வூரில் பண்டசாலை வைத்து வியாபாரம் நடத்தினர். அதற்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வியாபாரியாய் வந்தவன் வரி விதிப்பவனாய் மாறிய சரித்திரம் முழுவதும் இக்கரையில் அடங்கியிருக்கிறது எனலாம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியாரின் ஏகபோக உரிமையாயிற்று. கடல்நீரும் வெயிலும் இலவசமாய்த் தரும் பொருளுக்கு, பாத்தியில் நின்று அதனை வாரியெடுத்த கூலியாளும் வரி செலுத்தியே தீரவேண்டியதாயிற்று.

இத்தகைய வரி உண்மையில் யார் தலையில் விழுகிறது? பொருளாதார சாஸ்திரத்தின் நுட்பமான வினாக்களில் இது ஒன்று. சர்க்காருக்குப் பணம் கட்டுபவன் ஒருவன். விலையின் மூலம் அப்பாரத்தைச் சுமப்பவன் வேறொருவன். வரி இவ்வாறு கைமாறும் விதத்தை ஆராய்ந்து, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் எட்வின் ஸெலிக்மன் 1892இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த குழந்தையே பிற்காலத்தில் அப்பேராசிரியரின் மாணவரான ஸ்ரீ ஜே. ஸி. குமாரப்பா.

ஜோஸப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது அவருடைய அந்நாளைய பெயர். இளமையில் லண்டன் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழில் பயின்றார். முதல் உலக யுத்த காலத்தில் அங்கேயே வசித்தார். பின்னர் பம்பாய் திரும்பித் தொழில் நடத்தினார். உடையிலும் பழக்கத்திலும் முற்றிலும் மேனாட்டாராகவே வாழ்ந்தார். 1927இல், முப்பத்தைந்து வயதில், மேற்படிப்பை நாடி அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகத்தில் 1928இல் பட்டம் பெற்றபின், கொலம்பியாவில் அரசாங்க வருமானச் செலவியல் பயிலச் சேர்ந்தார். அதுவரை அவர் வாழ்வில் சுயராஜ்யக் கிளர்ச்சிக்கு இடமே இருந்ததில்லை.

அவரை மாற்றியது அப்படிப்பே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்பது பற்றி அவர் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் நிகழ்த்திய பிரசங்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ணுற்ற ஸெலிக்மன், அரசாங்கத்தின் வரவு செலவு வாயிலாக அவ்வறுமையின் காரணத்தை ஆராயுமாறு அவரைத் தூண்டினார். மாணவர் ஏடுகளைப் புரட்டினார். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தார். கணக்குப் பரிசோதகரின் கண் அங்கே உதவிற்று. வரி எவ்வளவு என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது; வசூலான பணம் எங்கே செலவாகிறது என்பதையும் காணவேண்டும். ஏழைக் குடியானவனிடம் பெற்ற பணம் பட்டாளத்துக்கும், கடன் வட்டிக்கும், பெருஞ் சம்பளங்களுக்கும் போயிற்றேயன்றி அவன் கிராமத்துக்குத் திரும்பவில்லை. தாம் இத்தனை நாள் மதித்துவந்த ஆட்சியின் கணக்கு அவர் கண்முன் பொய்த்துப் போயிற்று.

உப்பு வரியை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். சக்திக்கேற்ற வரியே நியாயமான வரி என்பது ஸெலிக்மன் வற்புறுத்திய கொள்கை. லட்சாதிபதி உண்ணும் உப்பும் உப்பளக் கூலி உண்ணும் உப்பும் ஏறக்குறைய ஓரளவே. விலை ஏறினும் உப்பின்றி உண்ண இருவராலும் இயலாது. எனவே வருமானத்தில் ஏழை கொடுக்கும் விகிதம் செல்வனுடையதைக் காட்டிலும் பன்மடங்காகிறது. 1923இல் சட்டசபை மறுத்தும், வைஸ்ராய் ரெடிங் தமது விசேஷ அதிகாரத்தால் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாயிருந்த வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தினார். அடுத்த ஆண்டே அதைக் குறைக்க நேர்ந்தது. சாஸ்திரம் அநீதி என்று கூறியதை ஆட்சி அதிகாரம் நீதியென்று நடத்திற்று.

1929இல் தாயகம் திரும்பிய அவர், குடும்பத்தின் பழம் பெயரான குமாரப்பாவை ஏற்றார். தமது ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு அவ்வாண்டு மே 9ஆம் தேதி சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அதனை ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து வெளியிட்டார். ஆனால் அத்துடன் விடவில்லை. கிராமங்களுக்குச் சென்று கணக்கெடுக்கும் பணியை அவரிடம் ஒப்புவித்தார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களுடன் கேடா ஜில்லா மாதர் தாலூகாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில், குடியானவர்களின் வரவு செலவை அவர் நேரில் விசாரித்து எழுதினார். நியூயார்க்கில் ஏட்டில் கண்டதை இங்கே குடிசைதோறும் கண்டார்.

1930இல் அடிகள் தண்டிக்கு நடந்தபோதும், தமிழ்நாட்டில் ராஜாஜி வேதாரண்யத்துக்குத் தொண்டர்படை நடத்தியபோதும், தேசம் முழுவதற்கும் உப்பு வரியே பாடமாயிற்று. அடிகள் சிறை புகுந்தபின் குமாரப்பா ‘யங் இந்தியா’வை நடத்தினார், 1931இல் தாமும் சிறை சென்றார். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடன் பொறுப்பை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவ்வாண்டு உழைத்தார். 1934இல் பீஹார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கைக் காத்தபோது, காந்தியடிகள் பரிவாரத்தின் செலவையும் அந்நிதியில் எழுத அவர் இசையவில்லை. அதே ஆண்டு அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்ற, வார்தாவில் அதன் காரியதரிசியாய்ப் பல்லாண்டு தொண்டாற்றினார். ஆகஸ்ட் போராட்டத்தில் சிறைப்பட்டு, ஜபல்பூர்ச் சிறையில் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய தமது பிரசித்தமான நூலை எழுதினார். பூமியின் வளத்தைச் சுரண்டித் தீர்க்கும் வாழ்வு நிலையாது என்பதே அதன் சாரம்.

1947இல் உப்பு வரி ஒழிந்தது. சுயராஜ்யமும் வந்தது. குமாரப்பா கணக்குக் கேட்பதை நிறுத்தவில்லை. காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் கமிட்டியின் தலைவராய், இடைத்தரகர் ஒழிந்து உழுபவனுக்கே நிலம் உரியதாகவேண்டுமென 1949இல் அறிக்கை தந்தார். தம் நண்பர்கள் நடத்திய சர்க்காரையும் அஞ்சாது கண்டித்தார். இறுதிக் காலத்தில் மதுரை ஜில்லா கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தங்கி, 1960 ஜனவரி 30ஆம் தேதி, அடிகள் மறைந்த அதே தினத்தில், காலமானார்.

பெரும் யந்திரத் தொழிலைப் பற்றிய அவர் கொள்கையை ஏற்காதார் பலர். சுதந்திர இந்தியா அவர் காட்டிய வழியில் செல்லவுமில்லை. அது விவாதத்துக்குரிய விஷயம். விவாதத்துக்கிடமில்லாதது ஒன்றுண்டு. மேலான படிப்பை அவர் உத்தியோகத்துக்கு ஏணியாக்கவில்லை. கற்ற சாஸ்திரத்தைக் கொண்டே தாம் இருந்த சுகமான இடத்தைச் சோதித்து, அதனை விட்டு இறங்கினார்.

மரக்காணக் கரையில் இன்றும் உப்பு விளைகிறது. மழை தொடங்கினால் பாத்தியில் நீர் நிற்க, கூலியாளுக்கு வேலை நிற்கிறது. இன்று பொருளாதாரத்தில் உயர் பட்டம் பெறும் நம் இளைஞர்கள், சூத்திரங்களையும் வரைபடங்களையும் கற்க வேண்டியதே. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒவ்வொரு விலையின் முடிவிலும் சுமை யார் தோளில் நிற்கிறது என்று கேளாத படிப்பு, எத்துணை உயரமாயினும், அரைப் படிப்பேயாகும். அக்கேள்வியைக் கேட்டுப் பதிலுக்காகக் கிராமத்துக்கு நடந்த தமிழர் ஒருவர் நமக்கு வழிகாட்டியாயிருக்கிறார்.