வீட்டு வரியோடு வரும் 10 பைசா: நூலக வரியும் எஸ்.ஆர்.ரங்கநாதனும்

தாம்பரம் மாநகராட்சிக்கு சொத்து வரி கட்டுபவரும் சரி, கோவளம் ஊராட்சியில் வீட்டு வரி கட்டுபவரும் சரி, கூடவே இன்னொரு வரியையும் கட்டுகிறார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதுதான் நூலக வரி. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. 2,000 ரூபாய் வரி என்றால் நூலகத்துக்கு 200 ரூபாய்.

இந்தப் பணத்தில் ரோடு போட முடியாது, குப்பை லாரி வாங்க முடியாது. நூலகத்துக்கு மட்டும்தான். குடிநீர்க் கட்டணம் மாதிரி பயன்படுத்துபவர் மட்டும் கட்டுவதும் இல்லை. நூலகப் படியே ஏறாதவரும் கட்டணும். இப்படியொரு ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு வந்ததற்குப் பின்னால் இருப்பவர், ஒரு கணக்கு வாத்தியார்!

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் ரங்கநாதன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். (இப்போ தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது.) மங்களூரு, கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என ஆசிரியர் வேலை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி கிடைத்தது. போன வேகத்திலேயே போரடித்துப்போய், பழைய வேலைக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தார். லண்டனில் நூலகப் பயிற்சியை முடித்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இங்கிலாந்தில் 1850-லேயே பொது நூலகச் சட்டம் வந்திருந்தது. சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரை பென்னி என்று ஆரம்பித்த நூலக வரி, 5 ஆண்டுகளில் ஒரு பென்னி ஆனது. 1919-ல் அந்த உச்சவரம்பும் போய்விட்டது. சாதாரணத் தொழிலாளி வந்து புத்தகம் எடுத்துப்போகும் நூலகங்களை ரங்கநாதன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். நம்ம ஊரில் அப்போது நூலகம் என்றால் பெரும்பாலும் யாராவது ஒரு புரவலர் தயவு. அவர் கை சுருங்கினால் அலமாரிக்குப் பூட்டு.

ஊர் திரும்பியவர் 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1930-ல் பனாரஸ் மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1931-ல் மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தன. ஆனால் சட்டம் மட்டும் நகரவே இல்லை. வங்காளத்திலும் சென்னையிலும் 1930-களில் நடந்த முயற்சிகள் கைகூடவில்லை. புது வரி என்றால் எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கத்தானே செய்யும்!

1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் ரங்கநாதனிடம் வரைவு கேட்டார். 1948-ல் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். அப்போது ரங்கநாதன் டெல்லியில் பேராசிரியர். ஆரம்பத்தில் ரூபாய்க்கு 6 பைசா அல்ல, 6 'பை'. அன்றைய ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதால், கிட்டத்தட்ட 3 சதவீதம். உள்ளாட்சி வசூலிக்கணும், நூலக ஆணைக்குழு தனி நிதியாக வைத்துச் செலவு செய்யணும். சென்னை நகரம் தவிர்த்த மற்ற பகுதிகளுக்கு, வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் தரணும். இதுதான் கணக்கு. பட்ஜெட்டில் நிதியமைச்சர் மனசு வைத்தால்தான் புத்தகம் என்ற நிலையை இது உடைத்தது. எல்லா மாநிலமும் இதைப் பின்பற்றவில்லை. கர்நாடகச் சட்டத்தில் 6 சதவீத வரி உண்டு. மகாராஷ்டிரச் சட்டத்தில் வரியே கிடையாது.

ரங்கநாதன் நினைத்தது எல்லாம் நடந்துவிடவில்லை. அவர் கேட்டது முழு இலவச நூலகம். நாம் வரியும் கட்டுகிறோம், உறுப்பினராகக் காப்புத்தொகையும் சந்தாவும் கட்டுகிறோம். தொகை சின்னதுதான், ஆனாலும் இது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

தானத்தை நம்பி நூலகம் இருக்கக் கூடாது என்றவர், தன் சேமிப்பிலிருந்து 1 லட்ச ரூபாயை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகவியலுக்காக மனைவி சாரதா பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவி உருவானது. 1972-ல் பெங்களூருவில் காலமானார். அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம்.

சிக்கல் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. வரியை வாங்குவது உள்ளாட்சி, செலவு செய்ய வேண்டியது நூலக ஆணைக்குழு. வாங்கிய பணம் முழுசாக, நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்ற புகார் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக உண்டு. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அங்கே சொத்து வரி வசூல் கூடக்கூட நூலக வரியும் தானாகக் கூடும். எவ்வளவு வசூலானது, எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது என்ற இரண்டு எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மாநகராட்சி, ஊராட்சி இரண்டுக்கும் இது பொருந்தும்.