வீரமாமுனிவர்: கொள்ளிடக் கரையில் எபிரேய வேதக் கதைகள்

கொள்ளிடத்தின் வடகரையை அடுத்து, அரியலூர் வட்டாரத்தில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1995-க்குப் பின் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்து, 2007 முதல் அரியலூர் மாவட்ட எல்லைக்குள் நிற்கும் இவ்வூருக்குத் திருக்காவலூர் என்றும் ஒரு பெயருண்டு. அடைக்கல அன்னையின் கோயில் கொண்ட இவ்வூரைக் கலம்பகத்தில் வைத்துப் பாடியவர் தமிழர் அல்லர், இத்தாலி நாட்டினர். காஸ்டிலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த கான்சுடன்சோ பெஸ்கி, 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1711-இல் மதுரை மறைத்தளத்தை அடைந்தார். வீரமாமுனிவர் என்னும் பெயர் தமிழகம் அவருக்கு ஈந்தது.

காவியணிந்த துறவியாக ஊர் ஊராய்ச் சென்ற இவர், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிப் பயிற்சியோடு வந்தவர். இங்கே ஏடு வாங்கித் தொல்காப்பியமும் குறளும் சிந்தாமணியும் கம்பனும் கற்றார். அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயரின் கொடிய பிளவை நோயை இவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்றும் ஊர் வழக்கு கூறும். சந்தா சாகிபுவிடம் திவானாக இருந்தார் என்னும் கூற்றைப் பிற்கால ஆய்வாளர் ஏற்பதில்லை. பல்லக்கும் பரிவாரமும் இன்றியே நிலைக்கக் கூடிய புகழ் அவருடையது.

அப்புகழின் நடுவிடம் தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட இக்காப்பியம் 1726-இல் நிறைவுற்றது. தலைவர் சூசையப்பர். இயேசுவை வளர்த்த இத்தச்சர் பிறப்பாலும் ஒழுக்கத்தாலும் யூதர், தாவீதின் குலத்தவர். ஆதலால் அவர் கதையைப் பாடப் புகுந்தவர் யூதர் வேதத்தின் வாயிலைக் கடவாமல் உள்ளே செல்ல இயலாது. முனிவர் அதனைப் பெயர்களிலேயே தொடங்கினார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருகுதல் என்னும் பொருளது. எனவே காப்பியத் தலைவர் வளன் ஆனார். யோவான் என்பதில் இறைவனின் இரக்கம் குறிக்கப்படுதலால் அப்பெயரினர் கருணையன் ஆனார். ஒலியைத் தமிழ்ப்படுத்துவது எளிது. முனிவர் பொருளைத் தமிழாக்கினார். தமிழ்ச் செவிக்கு அயன்மை தோன்றாமல் எபிரேயம் உள்ளே புகுந்தது.

யூதர் சமயத்தின் ஆணிவேர் தோரா. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான ஐந்து நூல்களையும் தோற்சுருளில் கையால் எழுதி, ஓய்வுநாள்தோறும் ஒரு பகுதியாக ஓதி ஆண்டுக்கொருமுறை முடிப்பது அவர்தம் மரபு. அதில் உலகத் தோற்றமும் உண்டு. உண்ணத்தகும் உணவு எது, ஏழாம் நாளில் பணியாளும் மாடும் ஓய்வது எங்ஙனம், அறுவடையில் வயலோரத்தை ஏழைக்கு விடுவது, கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுப்பது ஆகிய அன்றாட நெறிகளும் உண்டு. இவற்றை வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டும் என்பதும் தோராவின் கட்டளையே.

தேம்பாவணியில் எபிரேயக் கதைகள் பல வருமிடத்தை இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். ஏரோதின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையுடன் மூவரும் எகிப்துக்கு ஓடும் நெடுவழியின் இடையிடையேதான் முன்னோர் வரலாறுகள் விரிகின்றன. அடிமை மக்களை மோயிசன் மீட்டதும், சோசுவன் வென்றதும், சேதையோன் சிறுபடையால் பெரும்பகையை முறித்ததும் வழிநடைக் களைப்பாற்றும் பேச்சாகவே அமைகின்றன. (சோசுவன், சேதையோன் கதைகள் ஐந்நூலுக்குப் பின் வருவன, ஆயினும் அவையும் யூதர் வேதத்தின் பகுதியே.) முன்னோர் விடுதலை பெற்று வெளியேறிய அதே எகிப்துக்குள் வழித்தோன்றல் அடைக்கலம் தேடிப் புகுகிறான். இம்முரணைக் காப்பியப் புலவர் நன்கறிந்தே கையாண்டார் எனலாம். யூதேயாவும் எருசலேமும் கார் பொழிந்து வயல் விளையும் காவிரி நாட்டுக் கோலத்தில் வருவதைக் குறையென்பாரும் உளர். நாட்டுப்படலம் இல்லாத காப்பியத்தைத் தமிழ்ப் புலவர் அன்று ஏற்றிருப்பரோ என்பதையும் அவர்கள் எண்ணவேண்டும்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. முனிவர் தோராவின் கதையை எடுத்தார். சட்டத்தை அவ்வாறு எடுக்கவில்லை. உணவு விதியும் ஓய்வுநாள் விதியும் கிறித்தவரைக் கட்டா என்பது அவர் திருச்சபையின் கொள்கை. ஆகவே யூதர்க்கு அன்றாட வாழ்வாகிய நூல், தேம்பாவணியில் வரப்போகும் மீட்புக்கு முன்னறிகுறியாகவே நிற்கிறது. யூதர் ஒருவர் படித்தால் தம் முன்னோரை அடையாளம் காண்பார். தம் வேதத்தை முழுதும் காணார்.

சட்டப் பகுதிகளும் சேர்ந்த ஐந்நூல் தமிழுக்கு வேறு வழியாக வந்தது. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத்து வரை பெயர்த்து 1719-இல் மறைந்தார். எஞ்சியதை சுல்ச் 1728-க்குள் முடித்தார். இத்தரப்பாரின் கொள்கையையும் தமிழ் நடையையும் முனிவர் வேதவிளக்கத்தில் கடுமையாகச் சாடினார். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அதே தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது!

அன்றாட ஒழுக்கத்தை அவர் பாட்டில் அன்றி உரைநடையில் வைத்தார். வேதியர்களுக்காக 1727-இல் எழுதிய வேதியர் ஒழுக்கம் அதற்குச் சான்று. தொன்னூல் விளக்கம், சதுரகராதி, குறளின் அறத்துப்பால் பொருட்பால்களின் இலத்தீன் பெயர்ப்பு, எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு விளங்கச் செய்த எழுத்துத் திருத்தம் ஆகியவற்றைத் தமிழுலகம் நன்கறியும்.

1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். ஏலாக்குறிச்சி வாழ்வு அவருக்குக் கடந்த காலமாயிற்று. தெற்கே சென்று, பின் சேரநாட்டு அம்பழக்காட்டை அடைந்து, 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கே காலமானார். அம்பழக்காட்டிற்கு அணித்தே உள்ள மாளாவில் யூதர் குடியிருப்பு ஒன்று தொன்றுதொட்டு இருந்தது. அவர்களைச் சந்தித்தாரா என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் கொள்ளிடக் கரையில் மோயிசனைத் தமிழ் பேசவைத்தவரின் இறுதி நாள்கள், அம்மோயிசனின் நூலை எபிரேயத்திலேயே ஓதிவந்த மக்களின் அண்மையில் கழிந்தன. அம்மக்களின் வழியினர் இசுரவேலுக்குக் குடிபெயர்ந்தபோது, 1955-இல் தம் தொழுகைக்கூடத்தை ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒப்படைத்துச் சென்றனர்.