முப்பதாண்டுக் காவலுக்குக் கூலி என்ன?

ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் கூலி. கேட்பது உரிமை, கொடுப்பது கடமை. இதை நன்குணர்ந்த தோழர்கள் முன்னே இன்று ஒரு கூலிக் கணக்கை வைக்கிறோம். ஆலைக் கணக்கல்ல, அரசுக் கணக்கு! ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காட்டிலே காவல் நின்ற வீரனொருவனுக்கு வல்லரசு ஒன்று எழுதிய கணக்கு!

அத்துன் பலாலின் என்பது அவன் பெயர். தைவான் தீவிலே, அமிஸ் எனும் பழங்குடியிலே 1919இல் பிறந்தவன். பிறந்த மண் அவனுடையது. ஆளும் உரிமை மட்டும் வேறொருவருடையது. போரிலே தோற்ற சீனத்து மன்னராட்சி, 1895இல் ஷிமோனோசெகி உடன்படிக்கையிலே தைவானை ஜப்பானுக்குத் தாரை வார்த்துவிட்டது. அங்கே வாழ்ந்த மக்களை யார் கேட்டார்கள்? எவரும் கேட்கவில்லை!

வந்த ஆதிக்கம் மண்ணோடு நின்றதா? பள்ளியிலே தன் மொழியைப் புகுத்தியது. 1930இல் வூஷே மலையிலே பழங்குடியினர் கிளர்ந்தெழுந்தபோது பீரங்கியும் விமானமும் அனுப்பி அடக்கியது. பெயரையும் விட்டுவைக்கவில்லை. அத்துன் பலாலின், தெருவோ நகமுரா ஆனான்.

உலகப் போர் மூண்டது. முன்பு சுட்டு அடக்கிய மலைமக்களின் தோள்கள் ஜப்பானுக்கு இப்போது தேவைப்பட்டன. காடு அவர்களுக்குப் பழகிய இடம். தென்கடல் தீவுகளிலோ எங்கும் காடு! தகசாகோ தொண்டர் படை என்று பெயர் சூட்டி அவர்களைத் திரட்டியது. 1943 நவம்பரிலே, 24 வயதில் நகமுரா படையில் சேர்ந்தான். இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொரோத்தாய் தீவுக்கு அனுப்பப்பட்டான். 1944 செப்டம்பரிலே நேச நாட்டுப் படைகள் அங்கே வந்திறங்கின. ஜப்பானியப் படை சிதறியது; எஞ்சியவர்கள் காட்டுக்குள் மறைந்தனர்.

1945 ஆகஸ்டு 15. ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியிலே பேசினார். போர் முடிந்தது. காட்டுக்குள் வானொலி ஏது? எதிரியிடம் உயிரோடு சிக்குவது இழிவு என்று 1941இல் படைவீரர்க்கு வகுத்த விதி மட்டும் அவர்கள் நெஞ்சிலே இருந்தது. விதி வகுத்தவர்கள் சரணடைந்துவிட்டார்கள். விதிக்குக் கட்டுப்பட்டவர்களோ துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை! நகமுராவையும் இறந்தோர் பட்டியலிலே சேர்த்து ஏட்டை மூடியது ஜப்பானியப் படை.

1956 வாக்கிலே உடனிருந்தவர்களையும் பிரிந்து தனியே போனான். ஒரு சிறு குடிசை. 20 மீட்டருக்கு 30 மீட்டர் அளவிலே வேலியிட்ட நிலம். அவன் உலகம் அவ்வளவுதான். 1974ஆம் ஆண்டின் நடுவிலே விமானி ஒருவர் வானத்திலிருந்து அந்தக் குடிசையைக் கண்டார். டிசம்பர் 18இல் இந்தோனேசிய வீரர்கள் அவனைப் பிடித்தனர். அப்போது அவனுக்கு வயது 55.

அவனுக்கு முன்பு இப்படி வந்தவர்களில் இருவரைப் பாருங்கள். 1972இல் குவாம் தீவிலே கண்டெடுக்கப்பட்டவர் யோகோய். 1974 மார்ச்சிலே பிலிப்பைன்சின் லுபாங் தீவிலிருந்து வெளிவந்தவர் ஒனோடா. ஒனோடாவின் குழுவால் லுபாங்கின் எளிய குடிமக்கள் பலர் உயிரிழந்திருந்தனர். ஆயினும் அதிபர் மார்கோஸ் அவரை மன்னித்தார். அவரைக் கடமையிலிருந்து விடுவிக்கப் பழைய மேலதிகாரியே தீவுக்கு நேரில் வந்தார். தோக்கியோவிலே வரவேற்பு, ஆரவாரம், ஓய்வூதியம்!

நகமுராவுக்கு?

ஓய்வூதியம் இல்லை! ஜப்பானியக் குடிமகனுக்கே ஓய்வூதியம் என்றது சட்டம். போருக்குப் பின் தைவான் ஜப்பானின் கையை விட்டுப் போனது. 1952இல் தைவான் மக்களின் ஜப்பானியக் குடியுரிமையும் போனது. காட்டிலே காவல் நின்றவனுக்கு இது எப்படித் தெரியும்? பாக்கிச் சம்பளமும், ஊர் திரும்புவோர்க்கான படியும் சேர்த்து 68 ஆயிரம் யென் என்று கணக்கு எழுதினார்கள். அன்றைய மதிப்பிலே சுமார் 227 டாலர்! உயிரைக் கேட்டபோது அவன் ஜப்பானியன்; ஊதியம் என்றதும் அந்நியன்!

ஜப்பானிய மக்களே இதைக் கண்டு வெகுண்டனர். நன்கொடை திரட்டி அனுப்பினர். அரசின் ஏடு இரங்காதபோது அந்நாட்டு மக்களின் நெஞ்சம் இரங்கியது. அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஜப்பானுக்குப் போகவில்லை அவன்; 1975 ஜனவரியிலே நேரே தைவானுக்குத் திரும்பினான். அங்கே சீனப் பெயரொன்று காத்திருந்தது: லீ குவாங் ஹுய்! அவன் காட்டிலிருந்தபோது வந்த புதிய ஆட்சி பதிவேட்டிலே எழுதிவைத்த பெயர். தாய் தந்தையர் இட்டது ஒன்று, ஆண்டவர்கள் மாற்றியது இரண்டு! கணவன் மாண்டான் என்ற சேதியை நம்பி மனைவி மறுமணம் செய்துகொண்டிருந்தாள். அவள்மீது குற்றமில்லை, பொய்யான பட்டியல் செய்த கொடுமை அது. 1979இல் நுரையீரல் புற்றுநோயால் மாண்டான்.

தனி ஒருவன் கதையா இது? தைவானிலிருந்து ஜப்பானின் போருக்குச் சென்றோர் 2 லட்சத்துக்கும் மேல். மாண்டோர் சுமார் 30 ஆயிரம். உயிர் பிழைத்தோரும் மாண்டோரின் உறவினரும் 1977இல் தோக்கியோவிலே வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டு போராடிய பின், 1987இல் தனிச் சட்டம் வந்தது: மாண்டோர் குடும்பத்துக்கும் கடுங்காயமுற்றோர்க்கும் தலா 20 லட்சம் யென். உரிமையென்று அல்ல, இரக்கத் தொகையென்று! உரிமை கேட்ட வழக்கை 1992இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

நகமுராவின் உறுதியை நாம் எள்ளி நகையாடவில்லை. கட்டுப்பாடு எவ்வளவு அரிய பண்பு என்பதைப் படிவரிசையிலே நிற்கும் தோழர்கள் அறிவார்கள். ஆனால் கட்டளையிட்டவன் சரணடைந்ததைக்கூடச் சொல்லியனுப்பாத அரசுக்கு அந்த உறுதி போய்ச் சேர்ந்ததே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. கட்டுப்படுபவனுக்குக் கடமை உண்டென்றால், கட்டளையிடுபவனுக்கு அதைவிடப் பெரிய கடமை உண்டு. அதைக் கேட்டுப் பெறும் துணிவும் வீரமே!