மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தவர்

வீடியோ கேம் என்றால் இன்று நமக்கு மொபைல்தான். ஹாஸ்டலில் ராத்திரி எந்த ரூமில் எட்டிப் பார்த்தாலும் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு துப்பாக்கிச் சண்டை போடுவதைக் காணலாம். கூடவே ஒரு பட்டிமன்றமும் நடக்கும். யார் போனில் எத்தனை ஜி.பி. ராம், யார் போன் சூடாகுது, யார் போன் ஹேங் ஆகுது என்று. பழைய போன் வச்சிருக்கிறவன் அங்கே வாயைத் திறக்கவே முடியாது. (நான் பெரும்பாலும் திறப்பதில்லை.) புதுசும் வேகமும் இருந்தால்தான் விளையாட்டு என்று அடித்துப் பேசுகிற நண்பர்களுக்காக, ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் குன்பே யோகோய். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1941 செப்டம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். அதே ஊரில் உள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். வகுப்பில் முதல் மாணவர் எல்லாம் இல்லை. பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 1965-ல் உள்ளூரிலேயே ஒரு சீட்டுக்கட்டு கம்பெனியில் சேர்ந்தார். 1889-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, பூப்படம் போட்ட ஹனாஃபுடா சீட்டுகளை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தது. பெயர் நின்டெண்டோ!

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. நாம் சொல்கிற அதே மெயின்டனன்ஸ்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சீனியர்களில் பல பேர் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகத்தான் போகிறார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இவ்வளவு படிச்சு மெஷினுக்கு எண்ணெய் போடவா போறே என்று ஊரில் இப்பவே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு யோகோயைத் தெரியாது.

நன்றாக ஓடுகிற மெஷினுக்கு மெயின்டனன்ஸ் ஆள் என்ன செய்வான்? சும்மா இருப்பான். யோகோய் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் இருந்த கருவிகளை வைத்துத் தன் பொழுதுபோக்குக்கு ஒரு பொம்மை செய்தார். குறுக்குச் சட்டங்கள் கோர்த்த ஒரு நீளும் கை. பேங்க் வாசலில் இழுத்து மூடும் கொலாப்சிபிள் கேட் இருக்கிறதே, அதே மெக்கானிசம்! பிடியை அழுத்தினால் கை நீண்டு போய் தூரத்துப் பொருளைப் பிடிக்கும். முதலாளி ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. கூப்பிட்டு விட்டார். வேலை போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ, இதை விற்கும் சரக்காக மாற்று என்று சொல்லிவிட்டார். 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெயின்டனன்ஸ் ஆள் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னால் மலர் முழுக்க எனக்கே வேண்டும். இரண்டு மட்டும் சொல்கிறேன். 1969-ல் லவ் டெஸ்டர். ஒரு பையனும் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மறு கையைக் கோர்த்துக்கொண்டால் முள் நகர்ந்து காதல் அளவைக் காட்டும். உள்ளே இருந்தது என்ன தெரியுமா? உடம்பு வழியாகப் போகும் கரன்டை அளக்கும் சாதாரண மீட்டர். நம்ம லேப் டேபிளில் கிடக்கிற சங்கதி! இரண்டாவது, ஒளித் துப்பாக்கி. ஷார்ப் கம்பெனியிலிருந்து மசாயுகி உவேமுரா என்பவர் சோலார் செல் விற்க வந்திருந்தார். சோலார் செல் என்றால் மின்சாரம் எடுக்கத்தான் என்று எல்லாரும் நினைத்த காலம். யோகோய் அதை சென்ஸாராகப் பார்த்தார். துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் வந்து இலக்கில் உள்ள செல் மேல் பட்டால் குறி விழுந்தது என்று அர்த்தம். 1973-ல் இதையே பெரிதாக்கி, ஆள் வராத பௌலிங் கூடங்களில் துப்பாக்கி சுடும் அரங்கம் வைத்தார்கள். அந்த வருஷமே எண்ணெய் நெருக்கடி வந்து ஆர்டர்கள் ரத்தாகி, கம்பெனி கடனில் மூழ்கியது. உவேமுரா பின்னாளில் நின்டெண்டோவின் புகழ்பெற்ற ஃபேமிகாம் மெஷினை வடிவமைத்தார் என்பது உபரித் தகவல்.

இனிதான் முக்கியமான கட்டம். ஷின்கான்சென் ரயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதை யோகோய் பார்த்தார். அந்த 1970-களில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் விலைப் போட்டி. எல்.சி.டி. திரையும் சின்ன சிப்பும் பட்டன் செல்லும் மலிந்து கிடந்தன. அந்த மலிந்த சரக்கையே எடுத்து 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டைக் கொண்டுவந்தார். ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே கடிகாரம். உலகம் முழுக்க நாலு கோடிக்கு மேல் விற்றது. சீட்டு கம்பெனியின் கடன் தீர்ந்தது.

இந்த வரிசையில்தான் 1982-ல் டாங்கி காங் விளையாட்டு வந்தது. புத்தகம் மாதிரி மடிக்கும் பெட்டி. கடைகளில் உள்ள பெரிய மெஷினில் ஜாய்ஸ்டிக் இருக்கும். மடிக்கும் பெட்டியில் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் எப்படி மூடுவது? அதற்காகக் கூட்டல் குறி வடிவில் தட்டையாக ஒரே பட்டன் செய்தார். நடுவில் உயர்ந்த தாங்கு புள்ளி. ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் தூக்கும். பார்க்காமலே கட்டை விரலுக்குத் திசை தெரியும். அதற்குப் பிறகு வந்த கண்ட்ரோலர்களை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தக் கூட்டல் குறி ஏதோ ஒரு வடிவில் இருக்கும். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். சிப் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, ஒரு துண்டு பிளாஸ்டிக்!

1989-ஆம் வருஷத்துக்கு வருவோம். ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் இன்டெல் 486 சிப்பை அறிவித்தது. அதே ஏப்ரல் 21-ல் ஜப்பானில் யோகோயின் குழு கேம் பாய் என்ற கருவியை வெளியிட்டது. அதற்குள் இருந்தது 8080, இசட்-80 குடும்பத்தைச் சேர்ந்த 8 பிட் பிராசஸர். நாம் கிட்டில் புரோகிராம் போட்டு விழிக்கிற 8085-க்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வேலை ராம் 8 கிலோபைட். ஜி.பி. இல்லை நண்பர்களே, கிலோபைட்! திரையில் 160-க்கு 144 புள்ளிகள், பச்சையில் நாலு சாயல். பின்னால் விளக்குக்கூடக் கிடையாது. வெளிவருவதற்கு முன்பே ஒரு சோதனை. முதலாளி மாதிரியை வாங்கிச் சற்று சாய்த்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. வேறு வகை எல்.சி.டி.க்கு மாறித்தான் தப்பித்தார்கள்.

போட்டிக்கு அடாரி லின்க்ஸ் வந்தது. அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர் வந்தது. இரண்டிலும் கலர் திரை, பின்விளக்கு. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆறு பென்சில் செல் கேட்கும், நாலைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். லின்க்ஸ் விலை அமெரிக்காவில் சுமார் 180 டாலர். கேம் பாய்க்கு 90 டாலர்தான். நாலு செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். கீழே விழுந்தாலும் பிழைக்கும். வளைகுடாப் போரில் குண்டு விழுந்து மேல்பக்கம் உருகிப்போன ஒரு கேம் பாய் பிறகும் ஓடியது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் அதைப் பல வருஷம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் டெட்ரிஸ் விளையாட ஒன்றை விண்வெளிக்கே கொண்டு போனார். கலர் மாடலையும் சேர்த்து விற்றது சுமார் 11 கோடியே 87 லட்சம்.

யோகோய் இந்த வழிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி யோசிப்பது என்று பொருள் வரும். நாம் லேட்டரல் என்ட்ரி, லேட்டரல் என்ட்ரி என்று கனவு காண்கிறோமே, அந்த லேட்டரல்! சிலர் இதை மட்டமான சரக்கே போதும் என்று புரிந்துகொள்கிறார்கள். அது தப்பு. வாடியது என்றால் மலிவானது மட்டும் இல்லை. எங்கே சூடாகும், எங்கே உடையும், எத்தனை நாள் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. மெஷினைப் பழுது பார்த்தவனுக்குத்தான் அந்தத் தெரிதலின் அருமை தெரியும் என்பது என் எண்ணம்.

அவருக்கும் சறுக்கல் உண்டு. 1995-ல் வந்த வர்ச்சுவல் பாய். மேஜையில் நிற்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தால் முப்பரிமாணக் காட்சி. சிவப்பு எல்.இ.டி. மட்டும்தான். அப்போது நீல எல்.இ.டி. விலை எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டு லட்சம்கூட விற்கவில்லை, ஒரு வருஷத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். கண் வலி என்றார்கள், கலர் இல்லை என்றார்கள். எனக்குப் படுவது வேறு. கேம் பாயில் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கலாம், வயர் போட்டு இரண்டு பேர் மோதலாம். இந்தப் பெட்டிக்குள் முகத்தை நுழைத்தவன் தனி ஆள்.

1996 ஆகஸ்டில் அவர் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோல்வியால் வெளியேறினார் என்று பலர் பேசினார்கள். அது காரணம் இல்லை என்று அவரே விளக்கம் எழுதினார். போகும்முன் அவர் கைப்பட்ட கடைசிச் சரக்கு, இரண்டே சின்ன செல்லில் ஓடும் கேம் பாய் பாக்கெட். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் போக்கிமான் வந்து, பழசாகிப்போன கேம் பாய்க்கு மறுவாழ்வு கொடுத்திருந்தது.

கோட்டோ என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1997 அக்டோபர் 4. இஷிகாவா மாநிலத்தில் நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் சென்ற வண்டியில் இடித்தது. என்ன சேதம் என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் மோதிவிட்டது. வயது 56.

அப்போது பண்டாய் கம்பெனிக்காக ஒரு புதுக் கையடக்கக் கருவிக்கு அவர் உதவிக்கொண்டிருந்தார். வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் 1999 மார்ச்சில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கென வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாகக் குன்பே என்று பெயர் வைத்தார்கள். கருப்பு வெள்ளைத் திரை, விலை 4,800 யென். ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடியது.