டிகிரி இல்லை, வேலையும் இல்லை: சலீம் அலி ‘பறவை மனிதர்’ ஆனது எப்படி?

டிகிரி இல்லைன்னா ஒரு துறைக்குள் நுழையவே முடியாதுன்னு நினைக்கிறீங்களா? 1896-ல் மும்பையில் பிறந்த சலீம் அலியிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930-ல் திரும்பியபோது வேலையும் இல்லை.

மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கி, தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிதான் கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதி. பிறகு அடுத்த கூடு, அடுத்த ஜோடி! இதை வெளிக்கொண்டு வந்த அந்தக் குறிப்புகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது கையேடு வந்தது. 1959-ல் வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கே போய் வருகின்றன எனக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் நம்ம கோடியக்கரையிலும் அது நடந்தது. 1987-ல் மறைந்தார்.

குளிர்காலத்தில் உங்க மொட்டை மாடிக்குச் சாம்பல் வாலாட்டி வந்தா, தேதியைக் குறிச்சு வையுங்க. அதுவும் தரவுதான்.