ஏழைப் பிள்ளைக்கும் ஏடு வேண்டுமென்ற கவிஞர்

புதுவை நகரிலே, பெருமாள் கோயில் தெருவிலே, 95-ஆம் எண் வீடு ஒன்று இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதை வாங்கினார். இன்று அது அவருடைய நினைவில்லம். அந்த வாத்தியார் யார் தெரியுமா? அவர்தாம் பாரதிதாசன்.

புரட்சிக் கவிஞர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் முப்பத்தேழு ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் காசில்லாமல் நூல் கிடைக்கவேண்டும் என்று அவர் பாடினார். அந்தப் பள்ளிக்கூட வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆசையின் அருமை நமக்கு விளங்கும்.

பதினெட்டு வயது வாத்தியார்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் புதுவையில் அவர் பிறந்தார். தந்தை கனகசபை ஒரு வணிகர்; தாய் இலக்குமி. பிள்ளைக்கு இட்ட பெயர் சுப்புரத்தினம். தந்தையின் பெயரும் சேர்ந்து கனக சுப்புரத்தினம் ஆயிற்று.

அப்போது புதுவையை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சுப்புரத்தினம் கல்வே கல்லூரியிலே தமிழ் கற்றுத் தேர்ந்தார். 1909-இல், பதினெட்டாவது வயதிலே, காரைக்காலைச் சேர்ந்த நிரவி என்னும் ஊரில் அரசாங்கப் பள்ளித் தமிழாசிரியரானார். மீசை அரும்பும் பருவத்திலே வாத்தியார் வேலை!

அதற்கு முந்தைய ஆண்டு, 1908-இல், சுப்பிரமணிய பாரதியார் புதுவைக்கு வந்திருந்தார். இளம் ஆசிரியருக்கு அவருடைய நட்புக் கிடைத்தது. பாரதியாரின் எளிய தமிழ் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. பண்டிதர் மட்டும் அல்ல, பாமரரும் படித்து மகிழும்படி எழுதவேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். அந்த அன்பினாலே தம் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார்.

கதவு திறந்தால் போதுமா?

புதுவையிலே நூல்நிலையம் இல்லாமல் இல்லை. 1827-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசாங்கம் பொது நூல்நிலையம் ஒன்றை அமைத்தது. பின்னாளில் ரோமன் ரோலந்து நூலகம் என்று பெயர் பெற்றது அதுதான். ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு மட்டுமே அங்கே இடம். பிறகுதான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? ஆலைத் தொழிலாளியின் மகனும் மீனவர் குப்பத்துச் சிறுமியும் அத்தனை பெரிய கட்டடத்திற்குள் கூசாமல் நுழைவார்களா? பள்ளியிலே எழுத்துக் கற்ற பிள்ளை வீட்டுக்கு வந்தால் படிக்க என்ன இருக்கிறது? அரிசி வாங்கவே காசு போதாத வீட்டில் கதைப் புத்தகம் எப்படி வரும்? படிக்க ஏடு இல்லாவிட்டால், கற்ற எழுத்தும் நாளடைவில் மறந்துபோகும்.

கவிஞரின் திட்டம்

1938-இல் பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி வெளியிட்டார். கவிஞருடைய பாட்டுகளிலே புத்தகசாலை என்பது ஒன்று. பெயர்தான் பாட்டு. படித்துப் பார்த்தால் அது ஒரு முழுத் திட்டம்!

ஊருக்கு ஒரு பெரிய மாளிகை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நாலைந்து தெருக்களுக்குப் பொதுவாக வசதியான வீடு ஒன்று போதும் என்றார். அங்கே நூல்களை ஒழுங்காக அடுக்கவேண்டும். செய்தித்தாள்கள் எல்லாம் வந்து சேரவேண்டும். வருகிறவர் யாராயிருந்தாலும் மரியாதையோடு வரவேற்று, உட்கார இடம் தந்து, கேட்ட நூலை எடுத்துக் கொடுக்கவேண்டும். சிறிய நூலானாலும், புதிதாக ஒன்று எங்கோ மூலையில் இருந்தால், அதைத் தலைமேல் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

தமிழ் வளர்ச்சி என்னும் மற்றொரு பாட்டிலே அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இலவச நூற்கழகங்கள் எங்கும் வேண்டும் என்றார். வறுமையினால் ஒருவனுக்குப் படிப்பில்லை என்றால், வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்ல. நாம் எல்லோருமே வெட்கப்படவேண்டும் என்பது அவர் கருத்து. ஏழைக்கு நூல் கொடுப்பது பிச்சை அல்ல. நாம் செலுத்தவேண்டிய கடன். இதைத்தான் அவர் வலியுறுத்தினார்.

இதே எண்ணம் வேறு இடங்களிலும் முளைவிட்டது. 1931-இல் மன்னார்குடிப் பக்கத்திலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலக அறிஞர் சி.ரா. அரங்கநாதன் அந்த வண்டியைத் தொடங்கி வைத்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைக்கோ அந்தச் சட்டம் பொருந்தவில்லை.

பொற்கிழியும் பிள்ளைப் பாட்டும்

1946 ஜூலையிலே சென்னையில் பெரிய விழா எடுத்தார்கள். அறிஞர் அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் கவிஞருக்குப் பொற்கிழியாக அளிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவர் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1955-இல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இத்தனை பெருமை வந்தபிறகும் அவர் பிள்ளைகளை மறக்கவில்லை. 1958-இல், தமது அறுபத்தேழாவது வயதிலே, சிறுவர் சிறுமியருக்கென்றே இளைஞர் இலக்கியம் என்ற பாட்டு நூலை வெளியிட்டார். 1964 ஏப்ரல் 21-ஆம் நாள் சென்னை மருத்துவமனையில் அவர் காலமானார். உடலைப் புதுவைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிய பிசிராந்தையார் நாடகத்திற்கு 1969-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமிப் பரிசு, அவர் மறைந்த பிறகு கிடைத்தது.

நம் வீட்டுப் பரணிலே

கவிஞர் கேட்ட நூற்கழகம் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. ஆனால் நம் வீட்டுப் பரணையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். நம் பிள்ளைகள் படித்து முடித்த கதைப் புத்தகங்கள் எத்தனை தூசி படிந்து கிடக்கின்றன! பழைய தாளோடு தாளாக எடைக்குப் போட்டால் என்ன கிடைத்துவிடும்? அடுத்த தெருவிலே ஒரு குழந்தை அதற்காக ஏங்கிக்கொண்டிருக்கலாம்.

கிழிந்த பக்கத்தை ஒட்டுங்கள். அட்டை போடுங்கள். பிறகு நம் பிள்ளையின் கையாலேயே அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஒரு சிரிப்பும் உட்கார ஓர் இடமும் சேர்த்துக் கொடுங்கள். புதுவை வாத்தியார் கேட்டது அதைத்தான்.